எடை ஏறி இறங்கிய மவுஸ்

1997-இல் அமெரிக்காவில் நடந்த ‘குவேக்’ கணினி விளையாட்டுப் போட்டியில் டென்னிஸ் ஃபாங் ஒரு ஃபெராரி காரை வென்றார். விளையாட்டை எழுதியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் சொந்தக் கார் அது. ‘த்ரெஷ்’ என்ற பெயரில் ஆடிய ஃபாங்கின் இடது கை கீபோர்டில் இருக்கும், வலது கை மவுஸில். இன்றைக்கு இது சாதாரணம். அந்தப் போட்டிக்குச் சில ஆண்டுகள் முன்பு ‘டூம்’ ஆடியவர்களில் பலர் கீபோர்டை மட்டும் வைத்தே சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைய மவுஸின் வயிற்றில் ஒரு ரப்பர் உருண்டை. அது உருள உருள, உள்ளே இரண்டு சிறு தண்டுகள் சுழலும். மேசைத் தூசி முழுக்க அந்தத் தண்டுகளில் கறுப்புப் பட்டையாக அப்பிக்கொள்ள, திரையில் குறி தத்தித் தத்தி நகரும். அடிமூடியைத் திருகிக் கழற்றி நகத்தால் சுரண்டினால்தான் அடுத்த ஆட்டம்.

விளையாட்டுக்காரர்களுக்கென்றே ரேசர் ‘பூம்ஸ்லாங்’ 1999-இல் வந்தது. அங்குலத்துக்கு 2,000 புள்ளி, அதாவது 2,000 டிபிஐ, என்று பெருமையடித்துக்கொண்டது; ஆனால் உள்ளே அதே உருண்டைதான். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் ‘இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர்’ உருண்டையையே தூக்கிப்போட்டது. அடியில் ஒரு குட்டி கேமரா மேசைப்பரப்பை நொடிக்கு 1,500 தடவை படமெடுத்து, படத்துக்குப் படம் ஒப்பிட்டு நகர்வைக் கணக்கிட்டது. பொதுப் பயன்பாட்டுக்குச் செய்த சரக்குதான். ஆனாலும் இதன் பிந்தைய 3.0 பதிப்பை ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் ஆட்டக்காரர்கள் கொண்டாடினார்கள். வெறும் 400 டிபிஐ!

அவர்களுக்கு அது போதும். ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸை 30, 40 சென்டிமீட்டர் இழுக்கும்படி வேகத்தைக் குறைத்து வைத்து, மணிக்கட்டை விட்டு முழங்கையால் குறிபார்ப்பவர்கள் அவர்களில் ஏராளம். இப்படி ஆடுகிறவருக்கு டிபிஐ எண்ணை விட முக்கியமான கேள்வி வேறு: சட்டென்று வீசி இழுத்தால் அடியில் இருக்கும் கேமரா, அதாவது சென்சார், கூடவே வருமா? வராவிட்டால் எதிரியைப் பார்க்க வேண்டிய பார்வை தரையைப் பார்க்கும். 

ஆனால் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட வசதியானது டிபிஐதான். 2005-இல் லாஜிடெக் ‘எம்எக்ஸ்518’ 1,600-ஐத் தொட்டது. அதே ஆண்டின் ‘ஜி5’ இன்னொரு வேடிக்கை செய்தது: 36 கிராம் வரை எடைக்கட்டிகளைச் செருகிக்கொள்ள ஒரு தட்டு! கனமாக இருந்தால் நிதானம் வரும் என்பது அன்றைய நம்பிக்கை.

நீண்ட நேரம் கையை வீசியவர்கள் அதை ஏற்கவில்லை. ஸ்வீடனின் கவுண்டர்-ஸ்ட்ரைக் நட்சத்திரம் எமில் கிறிஸ்டென்சனோடு சேர்ந்து ‘சோவி’ நிறுவனம் செய்த ‘இசி1’ மவுஸில் எடைக்கட்டியும் இல்லை, நிறுவ வேண்டிய மென்பொருளும் இல்லை. கையின் வடிவத்துக்கே முதலிடம். 2018-இல் ‘ஃபைனல்மவுஸ்’ நிறுவனம் மவுஸின் ஓட்டில் தேன்கூடு போல ஓட்டை போட்டு எடையைக் குறைத்தது. அதே ஆண்டு வந்த லாஜிடெக் ‘ஜி ப்ரோ வயர்லெஸ்’ 80 கிராம். வயர் இல்லாவிட்டால் தாமதம் வரும் என்று ஒதுங்கியிருந்தவர்களையும் அது இழுத்தது. அதன் 2020 பதிப்பான ‘சூப்பர்லைட்’ 63 கிராமுக்கும் கீழே போய்விட்டது. எடை கூட்டக் காசு கொடுத்த காலம் போய், எடை குறைக்கக் காசு கொடுக்கும் காலம்.

சென்சார்கள் 25,000 டிபிஐ-யைத் தாண்டிய பிறகும் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் 400, 800, 1,600 என்றே வைத்து ஆடுகிறார்கள். லாஜிடெக் 2019-இல் ‘எம்எக்ஸ்518’-ஐ மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1,600 டிபிஐ 16,000 ஆகியிருந்தது. ஓட்டின் பழைய வளைவில் மட்டும் கைவைக்கவில்லை.