மாமன்றம், ஆணையர், நிலைக்குழு: சென்னை மாநகராட்சியில் அதிகாரம் யார் கையில்?

1688 செப்டம்பர் 29 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் மதராஸ் மாநகராட்சி தொடங்கிவைக்கப்பட்டது. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருடன் 12 ஆல்டர்மேன்கள் பொறுப்பேற்றார்கள். ஆங்கிலேயர், போர்த்துகீசியர், யூத வணிகர், இந்து வணிகர் என ஊரின் பல சமூகத்தாரும் அதில் இருந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியிருந்தது வரி. வரி கொடுக்கிறவர்களின் பெரிய மனிதர்களைச் சபையில் உட்காரவைத்தால் வசூல் சுலபமாகும் என்பது லண்டனில் கம்பெனிக்குத் தலைமை வகித்த ஜோசையா சைல்டின் கணக்கு.

கணக்கு கம்பெனியுடையது என்றாலும், அதற்குள் நல்ல விதி ஒன்று இருந்தது. ஊரை ஆள ஊராரின் சம்மதம் வேண்டும் என்பதே அந்த விதி. அந்தச் சம்மதத்தை எந்த வழியில் பெறுவது? பலர் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் குழுக்கள் வழியாகவா, ஒருவரிடமோ சிலரிடமோ பொறுப்பை ஒப்படைத்துவிட்டா? மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் இந்தக் கேள்வி மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையை விட்டுப் போகவில்லை. மாநகராட்சியின் வரலாற்றைச் சொல்லும் இம்மலரில் அந்த விவாதத்தின் வரலாறும் இடம்பெறுவது முறை.

1919: மூன்று தூண்கள்

இன்று நாம் காணும் அமைப்புக்கு அடித்தளம் 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம். மாமன்றம், நிலைக்குழுக்கள், ஆணையர் ஆகியவற்றை அது மாநகராட்சியின் அதிகார அமைப்புகளாக வகுத்தது. மாமன்றம் மக்கள் தேர்ந்தெடுப்பது. ஆணையர் அரசு நியமிப்பவர். இரண்டுக்கும் நடுவில் நிலைக்குழு. நூற்றுக்கணக்கான பொருள்களை முழு மன்றம் ஒரே நாளில் அலச முடியாது. கோப்பைப் பிரித்துப் பார்க்கவும், அலுவலரைக் கூப்பிட்டுக் கேட்கவும், மன்றத்துக்குப் பரிந்துரைக்கவும் சிறிய குழு வேண்டும் என்பதே ஏற்பாட்டின் உட்பொருள்.

அந்தச் சட்டக் காலத்தில் மாமன்றம் சாதித்தவை சிறியவை அல்ல. பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்க மன்றம் ஒப்புதல் தந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. தமிழ்நாட்டின் சத்துணவு வரலாறு அந்தத் தீர்மானத்திலிருந்தே எழுதப்படுகிறது.

1933-இல் மேயர் பதவி மீண்டும் வந்தது. ராஜா சர் முத்தையா செட்டியார் அந்தப் பதவியில் அமர்ந்தார். அன்றைய மேயரின் பதவிக்காலம் ஓராண்டுதான். 1939-இல் மேயரான சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1940 ஆகஸ்டில் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அது முடிந்து திறக்கப்பட்டது 1944-இல். அதற்குள் மேயர்கள் மாறினார்கள். போர்க்காலம் வேறு. ஆனாலும் பணி நின்றுபோகவில்லை. ஒரே ஆளை நம்பியிராத அமைப்பு என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று சென்னைக்கு வேண்டியதில்லை.

மன்றம் இல்லாத ஆண்டுகள்

பிறகு 1973 வந்தது. இல்லாத கூலியாட்களின் பெயரில் பணம் எடுத்ததாக எழுந்த மஸ்டர் ரோல் ஊழலைத் தொடர்ந்து மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல். இடைப்பட்ட ஏறக்குறைய 23 ஆண்டுகள் தனி அலுவலர்களின் ஆட்சி. 2016-இல் பதவிக்காலம் முடிந்தபோதும் மறுபடி தனி அலுவலர். அந்த முறை 2022 வரை நீடித்தது.

குழு ஆட்சியை எதிர்ப்பவர்கள் இந்த வரலாற்றையே சான்றாகக் காட்டுவார்கள். நிலைக்குழுக்கள் இருந்தபோதுதானே முறைகேடு நடந்தது, மன்றம் இல்லாத காலத்திலும் குப்பை அள்ளப்பட்டதே, விளக்கு எரிந்ததே என்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் முறைகேட்டுக்கு மருந்து கண்காணிப்பைக் கூர்மையாக்குவது. நாம் செய்தது கண்காணிக்க வேண்டிய மன்றத்தையே 23 ஆண்டுகள் இல்லாமல் ஆக்கியது. ஒரு தலைமுறை முழுக்க, தன் தெருவின் குறையைச் சொல்ல வார்டு உறுப்பினர் ஒருவர் இல்லாமலே வளர்ந்தது. அந்த இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் உள்ளாட்சிகளுக்கு உயிர் கொடுத்தது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்றும் அது விதித்தது. ஆனால் தமிழ்நாட்டில் விவாதம் முழுவதும் மேயரைச் சுற்றியே நடந்தது. மேயரை 1996, 2001 தேர்தல்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் மாமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் மறுபடி நேரடி, 2022-இல் மறுபடி மறைமுகம். மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்று பேசிய அளவுக்கு, மாமன்றம் எப்படி முடிவெடுப்பது என்று நாம் பேசவில்லை.

மும்பை, கொல்கத்தா, ஷெஃபீல்டு

மற்ற நகரங்கள் பேசியிருக்கின்றன. மும்பையின் 1888-ஆம் ஆண்டுச் சட்டம் நிலைக்குழுவின் கையில் நிதிப் பூட்டைக் கொடுத்தது. ஆணையர் தயாரிக்கும் வரவுசெலவுத் திட்டம் முதலில் அங்கேதான் போக வேண்டும். பெரிய ஒப்பந்தங்களுக்கும் அதன் ஒப்புதல் வேண்டும். 1998-இல் அந்நகரம் மேயரும் சில உறுப்பினர்களும் அமைச்சரவைபோல ஆளும் முறைக்கு மாறிப் பார்த்தது. அடுத்த ஆண்டே பழைய முறைக்குத் திரும்பிவிட்டது.

கொல்கத்தா எதிர்த்திசையில் போனது. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே மேயர், துணை மேயர், அவர்களுடன் அதிகபட்சம் 10 உறுப்பினர்கள் கொண்ட மேயர் அவைக்கே நிர்வாக அதிகாரம். ஆணையர் அந்த அவைக்குக் கட்டுப்பட்டவர். யார் பொறுப்பு என்பது மக்களுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் அவைக்கு வெளியே உள்ள உறுப்பினர்களுக்கு முடிவுகளில் பெரிய பங்கில்லை.

இந்தக் குறைதான் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் போராட்டமானது. அங்கே 2000-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய குழு முறையைக் கைவிடச் செய்து, அதிகபட்சம் 10 பேர் கொண்ட அமைச்சரவை முறையைக் கொண்டுவந்தது. ஷெஃபீல்டில் 84 உறுப்பினர்கள். முடிவெடுத்தவர்கள் ஒரு கைப்பிடிப் பேர். சாலைப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றின்கீழ் ஆயிரக்கணக்கான தெருமரங்கள் வெட்டப்பட்டபோது மக்கள் கொதித்தார்கள். தங்கள் வார்டு உறுப்பினரைக் கேட்டால் அவர் கையில் அதிகாரம் இல்லை என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. 20,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு வாக்கெடுப்புக் கோரினார்கள். 2021 மே 6 அன்று குழு முறைக்கு ஆதரவாக 89,670 வாக்குகளும், இருக்கும் முறைக்கு 48,727 வாக்குகளும் விழுந்தன. 2022 மே முதல் அங்கே குழு ஆட்சி. அடுத்து பிரிஸ்டல் நகரமும் வாக்கெடுப்பு நடத்தி, நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மேயர் பதவியையே நீக்கி, 2024-இல் குழு முறைக்கு மாறியது.

எதிர்ப்பக்கமும் சொல்லியாக வேண்டும். பிரைட்டன் நகரமும் நாட்டிங்காம்ஷயரும் குழு முறையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு அமைச்சரவை முறைக்கே திரும்பின. முடிவுகள் தாமதமாகின்றன, தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்பவை குழு முறைமீது எங்கும் எழும் குறைகள். 2025-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த மசோதாவும் இதே வாதங்களோடு குழு முறைக்கு எதிராகவே நின்றது.

சென்னைக்கு எது?

சென்னையின் நிலை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. நாம் குழு முறைக்குப் புதிதாக மாற வேண்டியதில்லை. குழுக்கள் சட்டத்தில் இருக்கின்றன. கணக்கு, கல்வி, நகரமைப்பு, பணிகள், வரிவிதிப்பு மற்றும் நிதி, பொது சுகாதாரம் என நிலைக்குழுக்கள் உண்டு. 15 மண்டலக்குழுக்கள் உண்டு. 2022-இல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்தன. இவற்றுக்கு உண்மையான அதிகாரம் வர வேண்டும் என்பதே நம் முன்னிருக்கும் விவாதம்.

2011-இல் நகரத்தின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. வார்டுகள் 155-இலிருந்து 200 ஆயின. 200 உறுப்பினர்களும் ஆளுக்கு மூன்றே நிமிடம் பேசினால் கூட்டம் பத்து மணி நேரம் ஓடும். ஆகவே மன்றக் கூட்டத்தில் பெரும்பாலோர் வாய் திறக்காமல் தீர்மானங்கள் நிறைவேறுவதில் வியப்பில்லை. திருவொற்றியூரின் கடலரிப்பும் பெருங்குடியின் குப்பைமேடும் வேளச்சேரியின் வெள்ளமும் ஒரே மேசைக்கு ஒரே நாளில் வந்தால் எதற்கும் நியாயம் கிடைக்காது. மன்றம் பெரிதாகப் பெரிதாகக் குழுவின் தேவையும் பெரிதாகிறது.

அமைச்சரவை முறை வேகமானது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் மழைநீர் வடிகால் எந்தத் தெருவில் எந்தப் பக்கம் சாய்வாகப் போக வேண்டும் என்பது அந்தத் தெருவை அறிந்த உறுப்பினருக்குத் தெரியும். அவர் சொல்வது திட்டம் போடும்போதே காதில் விழ வேண்டும். வேலை முடிந்தபின் பின்னேற்புக்கு வரும் கோப்பில் அவர் கையை உயர்த்துவதால் யாருக்கும் பயனில்லை. அவசரமாக எடுத்த முடிவை மறுபடி தோண்டிச் சரிசெய்வதற்கு ஆகும் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், குழுவில் செலவாகும் காலம் குறைவே.

நான் முன்வைப்பது நான்கு. முதலாவது, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களும் வரவுசெலவுத் திட்டமும் மன்றத்துக்கு வரும் முன்பே நிலைக்குழுவின் எழுத்துப்பூர்வமான பரிந்துரையைப் பெற வேண்டும். இரண்டாவது, குழுக் கூட்டங்கள் மக்களும் செய்தியாளரும் பார்க்கத் திறந்திருக்க வேண்டும். 1973-இன் பாடம் அதுதான். மூன்றாவது, கணக்குக் குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்குப் போக வேண்டும். நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவில் பல்லாண்டுகளாக உள்ள வழக்கம் மாமன்றத்துக்கும் பொருந்தும். நான்காவது, ஒவ்வொரு குழுவும் ஒரு பொருளை முடிக்கக் காலக்கெடு வேண்டும். கெடு தாண்டினால் பொருள் தானாக மன்றத்துக்குப் போகட்டும். தாமதம் என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே பதில்.

இவற்றில் எதற்கும் புதிய கட்டடமோ புதிய பதவியோ தேவையில்லை. விதிகளில் திருத்தமும், அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் மனமும் போதும். 1919-இல் சட்டம் எழுதியவர்கள் நிலைக்குழுவை மாமன்றத்துக்கும் ஆணையருக்கும் நிகரான அதிகார அமைப்பாகவே வைத்தார்கள். அந்த இடத்தை அதற்குத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு இன்றைய மாமன்றத்துக்கும் மாநில அரசுக்கும் உண்டு. அதை இந்த மன்றத்தின் பதவிக்காலத்திலேயே தொடங்க வேண்டும்.