தீவு பீச்சுக்கு ட்ரிப் போறீங்களா? போட்டோவுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க!

இன்ஸ்டாவில் ஒரு ரீல் வருது. கண்ணாடி மாதிரி தண்ணி, வெள்ளை மணல், கடலைப் பார்த்துச் சாய்ஞ்சு நிற்கும் ஒத்தத் தென்னை. உடனே கேங் குரூப்பில் ஷேர் பண்றீங்க. 'ஜூலைல லீவு போடுறோம், கிளம்புறோம்'னு முடிவும் ஆகிடுது. அங்கே போய் இறங்கினா சாம்பல் நிற வானம், ஆளுயர அலை, கரையில் சிவப்புக் கொடி. போட் சர்வீஸ் கேன்சல். மூணு நாளும் ரூமில் உட்கார்ந்து சீட்டு விளையாடிட்டு ஊர் திரும்பணும்.

ரீல் பொய் சொல்லலை. அது பிப்ரவரியில் எடுத்தது, நீங்க போனது ஜூலையில். அவ்ளோதான் வித்தியாசம். அதனால, 'எந்தத் தீவு?'ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி 'எந்த மாசம்?'னு கேளுங்க.

காற்று அடிக்கிற பக்கம் எது?

நம்மைச் சுற்றியிருக்கும் கடலில் வருஷத்துக்கு ரெண்டு முறை காற்றின் திசை மாறும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்று, நம்ம ஊர் வாடைக்காற்று. காற்று வந்து மோதுகிற கரையில் அலை எகிறும். தீவின் மறுபக்கம் பெரும்பாலும் அமைதியா இருக்கும்.

இதுக்கு இலங்கைதான் பெஸ்ட் உதாரணம். மிரிஸ்ஸ, உனவட்டுன மாதிரியான தென்மேற்குக் கரை பீச்சுகளுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். அங்கே கடல் கொந்தளிக்கும் மே முதல் செப்டம்பர் வரை, கிழக்கே திருகோணமலை நிலாவெளியும் மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாவும் அமைதியா இருக்கும். ஒரே நாடு, ரெண்டு சீசன்!

உங்க லீவு எப்போ?

பொங்கல் முதல் ஏப்ரல் வரை: செம சாய்ஸ் இருக்கும் நேரம். அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கையின் தென்மேற்குக் கரைன்னு எல்லாமே ஓகே. கூட்டமும் விலையும் அதிகம் என்பதால் சீக்கிரமா புக் பண்ணணும்.

மே மாதம்: முதல் பாதியில் அந்தமான் போகலாம். ஆனா, தென்மேற்குப் பருவமழை முதலில் தொடுகிற இடங்களில் அதுவும் ஒண்ணு. மூணாவது வாரத்திலேயே மழை ஆரம்பிச்சிடலாம்.

ஆகஸ்ட் லாங் வீக்கெண்டு: இலங்கையின் கிழக்குக் கரை. நிலாவெளியிலிருந்து படகில் புறாத் தீவுக்குப் போய் ஸ்நார்க்கெலிங் பண்ணலாம். அலைச்சறுக்கு ஆசை இருந்தா அறுகம்பை.

தீபாவளி சமயம்: வங்கக்கடலில் புயல் காலம். அந்தமான்தான் போவேன்னு அடம்பிடிச்சா, கேன்சல் பண்ணினா பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டா போடுங்க. ஊர் திரும்ப ஒரு நாள் எக்ஸ்ட்ராவும் வச்சுக்கோங்க. கடல் மோசமானா தீவுகளுக்கு இடையிலான ஃபெர்ரி நின்னுடும்.

நீந்தணுமா, பார்த்தா போதுமா?

எல்லா அழகான பீச்சும் குளிக்கிற பீச் கிடையாது. நீச்சல் தெரியாதவங்களுக்கு லகூன்தான் சரி. வெளியே பவளப்பாறை அரண் மாதிரி நின்னு அலையை உடைச்சிடும், உள்ளே ஏரி மாதிரி தண்ணி. லட்சத்தீவும் மாலத்தீவும் இதுக்குத்தான் ஃபேமஸ். பாசிக்குடாவில் கரையிலிருந்து ரொம்ப தூரம் வரை ஆழம் குறைவு.

அந்தமானில் கடல் வத்தற நேரத்தையும் பார்க்கணும். ஹேவ்லாக் தீவின் விஜயநகர் பீச்சிலும் நீல் தீவிலும் தண்ணி உள்வாங்கினா பாறையும் பவளமும் வெளியே தெரியும், கால் வைக்க முடியாது. சில மணி நேரம் கழிச்சு அதே இடம் ரீலில் பார்த்த மாதிரி மாறிடும். ஏற்ற, வற்ற நேரத்தை ஹோட்டலிலேயே கேட்டுக்கலாம். சூரிய அஸ்தமனத்துக்கு மேற்கே பார்த்த ராதாநகர், உதயத்துக்குக் கிழக்கே இருக்கும் காலாபத்தர். முதலை எச்சரிக்கை போர்டு இருந்தா அதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. 2010-ல் ராதாநகர் பக்கத்திலேயே ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை கொன்றிருக்கு.

இன்னொரு ஆபத்து, கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். ரெண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கருமையா தெரியும். அமைதியா இருக்கேன்னு பலரும் அங்கேதான் இறங்குவாங்க. அதில் மாட்டினா கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுச் சோர்ந்துடாதீங்க. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்க. முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டில் நீந்தி, இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்க. தண்ணி போட்டுட்டுக் கடலில் இறங்கவே கூடாது.

புக் பண்றதுக்கு முன்னாடி...

* லட்சத்தீவுக்கு இந்தியர்களும் பெர்மிட் வாங்கணும். அகத்திக்குச் சின்ன விமானங்கள்தான் போகும், சீட் குறைவு. பெர்மிட்டும் டிக்கெட்டும் உறுதியாகாமல் வேறு எதற்கும் பணம் கட்டாதீங்க.

* மாலத்தீவில் இந்தியர்களுக்கு டூரிஸ்ட் விசா இறங்கியதும் இலவசம். கிளம்புவதற்கு முன் 96 மணி நேரத்துக்குள் ஆன்லைன் படிவம் நிரப்பணும்.

* ரிசார்ட் பட்ஜெட் தாங்காதா? மாஃபுஷி மாதிரி உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட்ஹவுஸ் இருக்கு. ஆனா, அங்கே மதுவுக்குத் தடை. நீச்சல் உடைக்குன்னு ஒதுக்கிய பீச்சில் மட்டும்தான் அதைப் போடலாம்.

* கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். உங்க ஃப்ளைட் மாலையில் போய்ச் சேர்ந்தா மாலேயில் ஒரு ராத்திரி வாடகை தண்டம். ஸ்பீடுபோட்டில் போகும் தீவான்னு பாருங்க.

* இலங்கைக்கு முன்கூட்டியே மின்னணுப் பயண அனுமதி பற்றி அரசு இணையதளத்தில் செக் பண்ணுங்க, விதிகள் அடிக்கடி மாறுது.

* பவளத்தை மிதிக்காதீங்க, உடைக்காதீங்க, ஞாபகத்துக்குன்னு பையில் போடாதீங்க. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் அது குற்றம்.

கடைசியா ஒரு டிப்ஸ். பிடிச்ச பீச்சை முடிவு பண்ணியதும், அதன் பேரோடு நீங்க போகும் மாதத்தையும் சேர்த்துத் தேடுங்க. போன வருஷம் அதே மாசத்தில் போனவங்க போட்ட போட்டோக்களைப் பாருங்க. வானம் எப்படி, அலை எப்படி, யாராவது குளிக்கிறாங்களான்னு அதிலேயே தெரிஞ்சிடும். ஓகேன்னு தோணினா, கேங் குரூப்பில் மெசேஜ் போட்டுடுங்க!