விற்காத ஒயின் போட்ட சாலை

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பாட் டூர்க்ஹைம் என்ற ஊரில், 17 லட்சம் லிட்டர் கொள்ளும் பீப்பாய் ஒன்று இருக்கிறது. ஃபிரிட்ஸ் கெல்லர் என்ற பீப்பாய்த் தொழிலாளி 1934-ல் கட்டியது. அதற்குள் ஒருநாளும் ஒயின் ஊற்றியதில்லை. மேசை நாற்காலி போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்தத்தான் அத்தனை மரத்தையும் அறுத்தார்கள். உலகத்திலேயே பெரிய பீப்பாய் என்று சொன்னால் ஆள் வரும் என்பது கணக்கு. வந்தார்கள், இன்றும் வருகிறார்கள்.

மறு ஆண்டு அதே வட்டாரத்தில் இதைவிட நீளமான விளம்பரம் ஒன்று போடப்பட்டது. ஏற்கெனவே கிடந்த கிராமத்துச் சாலைகளை 85 கிலோமீட்டர் தூரத்துக்குக் கோத்து, ‘ஜெர்மன் ஒயின் சாலை’ என்று பெயர் வைத்தார்கள். ஒயின் சாலை என்று பெயரிட்டு அறிவிக்கப்பட்டவற்றில் இதுவே முதல் என்கிறார்கள். மலைச்சரிவில் திராட்சைக் கொடி, வளைந்து போகும் சாலை, மரச்சட்டம் தெரியும் வீடுகள், வாசலில் பூத்தொட்டி. நம் சினிமா டூயட்டுகள் நமக்கு நன்றாகவே பழக்கிவிட்ட காட்சி அது. அந்த அழகுக்காகத்தான் சாலை பிறந்தது என்று நினைப்போம். பிறந்தது சரக்கு தேங்கியதால்.

ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளாக அங்கே ஒயின்தான் குடிப்பவரைத் தேடிப் போனது. ரைன் நதியோரத்தில் திராட்சைப் பயிரைப் பரப்பியவர்கள் ரோமானியர்கள். அவர்கள் காலத்து ஒயின் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஸ்பையர் நகரத்தருகே ஒரு கல்லறையில் 1867-ல் கண்ணாடிப் புட்டி ஒன்று கிடைத்தது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே திரவம் அப்படியே இருக்க, மேலே எண்ணெய் படலமாக உறைந்திருந்தது. இறந்தவரின் வழிப்பயணத்துக்கு வைத்தது. அருங்காட்சியகத்தில் இன்றுவரை திறக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துச் சரக்கில் இவ்வளவு காலம் விலைபோகாமல் இருந்தது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இடைக்காலத்தில் ஒயினுக்குச் சாலை தேவைப்படவே இல்லை, ஆறு இருந்தது. வோஸ்ஜ் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் அல்சாஸ் கிராமங்களிலிருந்து பீப்பாய்கள் படகேறி, ரைன் வழியாகக் கொலோனுக்கும், அங்கிருந்து இங்கிலாந்து, ஸ்காண்டிநேவியா வரைக்கும் போயின. பாரமான சரக்கைக் குண்டும் குழியுமான பாதையில் மாட்டு வண்டி ஏற்றிப் போனால் வண்டிக்கூலியே லாபத்தைத் தின்றுவிடும். இன்று ரிக்விர் கிராமத்தில் சுற்றுலாப் பயணிகள் மாய்ந்து மாய்ந்து படம் எடுக்கும் வீடுகளில் பல, 16-ஆம் நூற்றாண்டில் அந்த ஆற்று வணிகத்தில் கைநிறையச் சம்பாதித்தவர்கள் கட்டியவை. 1618-ல் முப்பதாண்டுப் போர் வந்தது. தோட்டங்கள் அழிந்தன, ஆட்கள் செத்தார்கள், வணிகம் படுத்தது. புது வீடு கட்டக் கையில் காசில்லாததால் பழைய வீடுகள் தப்பின என்றே எனக்குத் தோன்றுகிறது. பழமை தங்குவதற்கு ரசனையைவிட வறுமை நம்பகமான காவல்காரன்.

பின்னாளில் அல்சாஸுக்கு வந்த சோதனை வேறு மாதிரி. 1871-ல் ஜெர்மனி அதைப் பிரான்சிடமிருந்து பறித்துக்கொண்டது. அல்சாஸ் ஒயின் ஊர்பேர் இல்லாமல் மலிவுச் சரக்கில் கலப்பதற்குப் போயிற்று. 1918-ல் பிரான்சுக்குத் திரும்பியபோது, அதைப் பெயர் சொல்லிக் கேட்பார் அதிகம் இல்லை.

இதற்கிடையில் கார் வந்துவிட்டது. கார் வைத்திருந்தவர்களுக்கு அதை ஓட்டிக்கொண்டு எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை. அதற்குப் பதில் சொல்ல முந்தியது ஒரு டயர் கம்பெனி. வண்டி ஓடினால்தானே டயர் தேயும்? மிஷ்லான் 1900-ல் ஓட்டுநர்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தது. பிரெஞ்சு சுற்றுலாக் கழகம் ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களைக் கோத்து ஒரு நீண்ட சாலைக்குத் திட்டம் போட்டது. போய்ச் சேருவதற்கு மட்டுமல்லாமல் பார்ப்பதற்காகவும் சாலை என்ற எண்ணம் அப்படி வேர்விட்டது. அதில் ஒயினைக் கலந்தது மட்டுமே பாக்கி.

கலந்த கை நல்ல கை அல்ல. ஜோசஃப் பியூர்க்கல் பள்ளி ஆசிரியராக இருந்து, பாட் டூர்க்ஹைம் அடங்கிய ஃபால்ஸ் பகுதியின் நாஜிக் கட்சித் தலைவரானவர். 1934-லும் 1935-லும் அங்கே அமோக விளைச்சல். பாதாள அறைகள் நிரம்பி, பழைய சரக்கே போகாமல் புதுச் சரக்கை எங்கே ஊற்றுவது என்று விவசாயிகள் கையைப் பிசைந்தார்கள். அந்த வட்டாரத்தின் ஒயின் வியாபாரத்தில் யூத வியாபாரிகளுக்குப் பெரிய பங்கு இருந்தது. வெளியூர் வாடிக்கையாளர்களும் கடன் கணக்கும் நம்பிக்கையும் அவர்கள் கையில். அவர்களை நாஜிகள் தொழிலைவிட்டு விரட்டிக்கொண்டிருந்தார்கள். தரகரைத் துரத்திவிட்டு, சரக்கு ஏன் தேங்குகிறது என்று கேட்டால் என்ன சொல்வது?

பியூர்க்கல் கண்ட வழி, வாங்குபவரை ஊருக்கே வரவழைப்பது. 1935 அக்டோபர் 19-ல் பாட் டூர்க்ஹைமில் சாலை திறக்கப்பட்டது. பெரிய நகரங்கள் ஒவ்வொன்றும் ஓர் ஒயின் கிராமத்தைத் தத்தெடுத்து அதன் சரக்கை விற்றுக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அந்த ஆண்டே நடந்தது. ஊர்கள் பெயருக்குப் பின்னால் பட்டம்போல ‘ஒயின் சாலை’யைச் சேர்த்துக்கொண்டன. மலையை அடையாளமாக வைத்து ‘ஹார்ட் மேல் நொய்ஸ்டாட்’ எனப்பட்ட நகரம் 1936-ல் ‘ஒயின் சாலை மேல் நொய்ஸ்டாட்’ ஆயிற்று. போர் முடிந்ததும் பழைய பெயருக்குப் போனது. ஐந்தே ஆண்டில், 1950-ல், மறுபடியும் ஒயின் சாலைக்கே வந்துவிட்டது. ஆட்சியைத் துடைத்தெறிய முடிந்தது, நல்ல விளம்பரத்தை விட மனம் வரவில்லை.

சாலையின் தெற்கு முனையில், பிரெஞ்சு எல்லையை ஒட்டி, ஷ்வைகன் கிராமத்தில் 1936-ல் பிரம்மாண்டமான கல் வாசல் எழுப்பினார்கள். எதிரி நாட்டுக்கு முகம் காட்டி நிற்கும் வாசல். வேடிக்கை என்னவென்றால் ஷ்வைகன்காரர்களின் திராட்சைத் தோட்டங்களில் ஒரு பகுதி எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்சில் இருக்கிறது. கொடிக்குக் கொடிமரம் தெரியாது. இந்தச் சாலையைத் திறந்த அதே பியூர்க்கல், 1940 அக்டோபரில் தன் பகுதியில் மிஞ்சியிருந்த யூதர்களைப் பிரான்சின் குர்ஸ் முகாமுக்கு நாடு கடத்தியவர்களில் ஒருவர். பக்கத்து பாடன் பகுதியையும் சேர்த்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ரயிலேற்றப்பட்டார்கள். சுற்றுலாக் கையேடுகள் பூத்தொட்டிகளுக்கு நடுவே இதைச் சொல்லுவது குறைவு.

பிரான்சிலும் முப்பதுகளில் ஒயின் தேங்கிக்கொண்டுதான் இருந்தது. பர்கண்டிக்காரர்கள் 1937-ல் டிஜோனிலிருந்து தெற்கே சாந்தனே வரை சுமார் 60 கிலோமீட்டருக்குத் தங்களுக்கென ஒரு சாலையை அறிவித்தார்கள். பிறகு போர் வந்தது.

போரின் கடைசிக் குளிர்காலத்தில் அல்சாஸின் கொல்மார் நகரத்தைச் சுற்றி ஜெர்மன் படை பிடிவாதமாக நின்றது. 1944 டிசம்பரிலிருந்து 1945 பிப்ரவரி வரை சண்டை. அம்மர்ஷ்விர், பென்விர், சிகோல்ஸ்ஹைம் கிராமங்கள் தரைமட்டமாயின. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி மலை மடிப்பில் இருந்த ரிக்விர் தப்பிவிட்டது. இன்று அந்தப் பக்கம் காரில் போகிறவர்கள் ஒரு கிராமம் ஐந்நூறு வயதாகவும் அடுத்த கிராமம் ஐம்பதுகளில் கட்டியதாகவும் இருப்பதைக் காண்பார்கள். பீரங்கி போட்ட கோடு அது. இவற்றுக்கு மேலே மலை முகட்டில் ஓடும் அழகான சாலைக்கும் இதே கதைதான். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் கண்ணில் படாமல் துருப்புகளை நகர்த்தப் பிரெஞ்சு ராணுவம் வெட்டியது. இன்று அதில் மோட்டார் சைக்கிள்காரர்களும் பாலாடைக்கட்டி வாங்க வருபவர்களும் போகிறார்கள்.

1953 மே 30. இரண்டு கார் அணிகள் கிளம்பின. ஒன்று வடக்கே மார்லென்ஹைமிலிருந்து, மற்றொன்று தெற்கே டான் நகரத்திலிருந்து. அல்சாஸ் ஒயின் சாலை அப்படித் திறக்கப்பட்டது, 170 கிலோமீட்டர். எட்டாண்டுக்கு முன் இரு திசைகளிலிருந்தும் பீரங்கி வண்டிகள் வந்த நிலம் அது. எல்லைக்கு அப்பால் நாஜிகள் போட்ட சூத்திரத்தை, அவர்களிடம் அடிபட்டவர்கள் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததில் தவறென்ன? யோசனைக்குக் கட்சி உறுப்பினர் அட்டை கிடையாது. அல்சாஸின் கொடுப்பினை, பயணிகள் நேராகப் பாதாள அறைக்கே இறங்கி வந்து புட்டியாக வாங்கினார்கள். பீப்பாயில் ஏற்றி மொத்தமாக அனுப்பி, யாரோ எதிலோ கலக்கும் காலம் மெல்லத் தேய்ந்தது. 1962-ல் சட்டப்படியான தரப்பெயர் வந்தது. 1972-லிருந்து அல்சாஸ் ஒயினை அல்சாஸிலேயே புட்டியில் அடைத்தாக வேண்டும்.

பிறகு நகல்கள் வரிசை கட்டின. 1954-ல் பாடன். 1955-ல் ஆஸ்திரியாவின் தெற்கு ஸ்டைரியா. அங்கே சாலையின் ஒரு பகுதியே நாட்டு எல்லை. கார் போகிற தடம் ஆஸ்திரியா, ஓரத்துக் கொடி அன்றைக்குக் கம்யூனிச யூகோஸ்லாவியா. 1964-ல் இத்தாலியின் தென் டிரோல். அதில்தான் டிராமின் என்ற மலையூர் வருகிறது. ரோஜா மணக்கும் கெவுர்ஸ்டிராமினர் திராட்சை சுமப்பது இந்த ஊரின் பெயரைத்தான். டிராமினர் இனக் கொடிகள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அல்சாஸுக்கும் ஃபால்ஸுக்கும் போய்விட்டன. ஜெர்மன் ஒயின் சாலையின் ரோட் கிராமத்தில் சுமார் 400 வயதென்று காட்டப்படும் டிராமினர் தோட்டம் இன்றும் காய்க்கிறது. வடக்கே போன திராட்சைக்கு மாற்றாகத் தெற்கே வந்து சேர்ந்தது சாலை.

ஜெர்மானியர்கள் ஒயினோடு நிறுத்தவில்லை. 1950-ல் போர்த் தழும்பை மறைக்கவும் அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்களின் டாலரைக் கவரவும் ‘ரொமான்டிக் சாலை’ வந்தது. அப்புறம் கிரிம் சகோதரர் கதைச் சாலை, கடிகாரச் சாலை, பீங்கான் சாலை, பொம்மைச் சாலை, அஸ்பாரகஸ் தண்டுக்குக்கூட ஒன்று. மொத்தம் 150-க்கு மேல். கிழக்கு ஜெர்மனி இணைந்த இரண்டே ஆண்டில், 1992-ல், சாக்சனியும் எல்பே நதிக்கரையில் தன் ஒயின் சாலைக்குப் பலகை மாட்டிவிட்டது.

கடல் தாண்டிய கதை தற்செயலானது. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷில் திராட்சைப் பண்ணை வைத்திருந்த ஃபிரான்ஸ் மலான் 1969-ல் பிரான்சு சென்றவர், மோர்கோன் என்ற ஊரில் ஒயின் சாலை என்ற ஏற்பாட்டைக் கண்டார். ஊர் திரும்பி, ஸ்பாட்ஸ் ஸ்பெர்லிங், நீல் ஜூபேர் என்ற இரண்டு பக்கத்துப் பண்ணைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார். மதுச் சட்டங்களோடு மல்லுக்கட்டி, 1971-ல் ஸ்டெல்லன்போஷ் ஒயின் சாலையைத் தொடங்கினார்கள். இன்று நூற்றுக்கு மேற்பட்ட பண்ணைகள் அதில் இருக்கின்றன. வெள்ளைச் சுவரும் வளைந்த முகப்புமாக அங்கே நிற்கும் பண்ணை வீடுகளுக்கும் நம் கரைக்கும் ஒரு கசப்பான உறவு உண்டு. கேப் பகுதியில் முதல் ஒயின் பிழியப்பட்டது 1659-ல், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில். சோழமண்டலக் கரை, வங்காளம், மலபார், இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர் என்று பல இடங்களிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றியது அதே கம்பெனி. கொடி நட்டதும் பழம் மிதித்ததும் சுவர் எழுப்பியதும் பெரும்பாலும் அவர்களே. ஒயின் ருசி பார்க்கும் மேசைகளில் அவர்கள் பெயர் அபூர்வம்.

இதற்குள் அல்சாஸில் சுற்றுலா ஓங்கி, அதன் அடையாளமான நாரை காணாமல் போய்விட்டது. கடைகளில் பொம்மையாகவும் சாவிக்கொத்தாகவும் விற்கிற அந்தச் செங்கால் நாரை 1970-களின் நடுவில் அல்சாஸ் முழுவதிலும் பத்து ஜோடிகூடத் தேறவில்லை. ஒயின் சாலையில் இருக்கும் ஹுனாவிர் கிராமத்தில் பண்ணை வைத்து வளர்த்துப் பெருக்கினார்கள். இப்போது கூரைதோறும் கூடு. ஜெர்மன் பக்கத்தில் வேறு நெரிசல். காருக்காகவே பிறந்த அந்தச் சாலையில், 1980-களிலிருந்து ஆண்டுதோறும் ஆகஸ்டின் கடைசி ஞாயிறு அன்று கார் போகக் கூடாது. சைக்கிள்காரர்களும் நடப்பவர்களும் அரை லிட்டர் கண்ணாடிக் கோப்பையோடு சாலையை நிறைத்துவிடுகிறார்கள். விற்பனை அன்றுதான் ஜோர்.

நகலெடுப்பதில் யாரும் மலேசியாவை மிஞ்சவில்லை. கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், பஹாங் மாநிலத்தின் புக்கிட் திங்கி மலைமேல், 2000-ல் ‘கொல்மார் ட்ரோபிகாலே’ திறக்கப்பட்டது. கொல்மாரையும் ரிக்விரையும் பார்த்துக் கட்டிய ஓர் அல்சாஸ் கிராமம், ஓட்டலும் கடைத்தெருவுமாக. மரச்சட்ட வீடுகள், கோபுரம், கல் பாவிய தெரு, சன்னலோரப் பூக்கள் எல்லாம் இருக்கின்றன. காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையும் இருக்கிறது. கல்யாண ஜோடிகள் படமெடுக்க வருகிறார்கள். திராட்சைத் தோட்டம் மட்டும் இல்லை. அந்த பெந்தோங் வட்டாரத்தில் பேர்போன விளைச்சல் இஞ்சி.