மில்லில் யாரும் போடாத நாற்காலி

1953-ல் அகமதாபாத் ஜூபிலி மில்லில் 224 தானியங்கித் தறிகளை 29 பேர் பார்த்துக்கொண்டார்கள். நெய்பவர் வேறு, தார் நிரப்புபவர் வேறு, அறுந்த பாவைப் பிணைப்பவர் வேறு, எண்ணெய் விடுபவர் வேறு என்று வேலை 12 வகையாகத் துண்டுபட்டுக் கிடந்தது. புதுத் தறிகள் வந்தும் துணி எதிர்பார்த்தபடி ஏறவில்லை, பழுது குறையவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து வந்த ஆய்வாளர் ஏ.கே.ரைஸ் கொட்டகையில் நின்று பார்த்தார். கோளாறு தறியில் இல்லை, ஆட்களைப் பிரித்து வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது என்றார். 64 தறிக்கு ஏழு பேர் கொண்ட ஒரு குழு என்ற யோசனை காதில் விழுந்ததும், யார் யாரோடு சேர்வது என்பதைத் தொழிலாளர்களே பேசி முடித்துவிட்டார்கள். உற்பத்தி ஏறியது, பழுது இறங்கியது. 1970-ல் அதே நிறுவனத்தின் எரிக் மில்லர் மறுபடி போய்ப் பார்த்தபோதும் ஒரு கொட்டகையில் அந்த முறை ஏறக்குறைய அப்படியே நடந்துகொண்டிருந்தது.

நான் வெள்ளகோவிலில் கூலிக்குத் தறி ஓட்டிய வீட்டில் பிறந்தவள். தறிச் சத்தத்தில் உட்கார்ந்து கரஸ்ஸில், அதாவது அஞ்சல் வழியில், சைக்காலஜி படித்தேன். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பேரைச் சொன்னால், "அது எங்கீங்க இருக்குது?" என்று கேட்பார்கள். இப்போது கரூர் ரோட்டில் ஒரு நூல் மில்லின் பெண்கள் விடுதியில் கவுன்சிலர். மே மாதம் வந்தால் அம்மாக்கள் தேடி வருவார்கள். "ஏனுங்க மேடம், எம்பட புள்ள சைக்காலஜி எடுக்கறேங்குது. படிச்சா என்ன வேலைக்குங்க போறது?" அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தப் படிப்பின் பழைய கதையிலிருந்துதான் வருகிறது.

படிப்பு ஒன்றும் புதுசல்ல. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-லும் மைசூரில் 1924-லும் துறை வந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1943-ல் ஜி.டி.போவாஸ் தலைமையில் தொடங்கியது. அதே 1943-ல் போர்க்கால ராணுவம், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க மனவியல் சோதனைகளை வைத்து டேராடூனில் ஒரு தேர்வு வாரியத்தை நடத்திப் பார்த்தது. ஆளைத் தேர்ந்தெடுப்பது, ஆளை ஆளோடு சேர்ப்பது: தொடக்கத்தில் இந்தப் படிப்புக்கு வேலை இப்படித்தான் கிடைத்தது. 1947-ல் விக்ரம் சாராபாய் முன்நின்று தொடங்கிய அட்டிரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் மனித உறவுகளுக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. அதை நடத்தியவர் கம்லா சௌத்ரி. பஞ்சும் நூலும் ஆராயும் இடத்தில் சைக்காலஜி படித்த பெண்ணுக்கு ஓர் அறை! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

எங்கள் பக்கம் 1956-ல் கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் வந்தது. நூலின் தரம், மெஷினின் திறன், ஆட்களுக்குப் பயிற்சி என்று அது செய்ததை மில்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு சைக்காலஜிஸ்ட் மில்லுக்குள் நடந்து போய் ஆட்களிடம் பேசினார் என்ற கதையை அவர்கள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

சட்டம் போட்ட நாற்காலி ஒன்று இருக்கத்தான் செய்தது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் 49-வது பிரிவு, 500 பேருக்குக் குறையாத ஆலையில் தொழிலாளர் நல அதிகாரி இருக்க வேண்டும் என்றது. அந்த இடத்துக்கு வந்தவர்கள் சமூகப்பணி படித்தவர்கள். சென்னையில் அதற்கான கல்லூரி 1952-லேயே வந்துவிட்டது. தவிர, இந்த வட்டாரத்தில் 500 பேரை ஒரே கூரைக்கடியில் வைத்தவர்கள் எத்தனை பேர்? திருப்பூரில் நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், தையல் ஓரிடம், செக்கிங் இன்னோரிடம். வெள்ளகோவிலில் பத்துத் தறி, இருபது தறி ஓடும் கொட்டகைகள். நல அதிகாரி இங்கே எட்டிப் பார்க்கவே வழியில்லை. ஆக, பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவளாக இருந்தாலும் 1980-களில் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்திருந்தால் டீச்சர் வேலையோ பேங்க் பரீட்சையோதான்.

அந்த நிலையை மாற்றியது ஜவுளித் தொழில் அல்ல, எச்.ஐ.வி. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-ல் அமைந்தது. பிறகு அரசு ஆஸ்பத்திரிகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகைகள் வந்தன. சைக்காலஜியோ சமூகப்பணியோ படித்தவரை ஆலோசகராக எடுத்தார்கள். ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். எனக்கு முதலில் சோறு போட்டது அந்த வேலைதான். லேபுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ரெண்டு நாற்காலி, கதவுக்கு உள்தாழ்ப்பாள். ரத்தம் எடுக்கும் முன் ஒரு பேச்சு, முடிவு வந்த பிறகு ஒரு பேச்சு. லாரி ஓட்டுபவர்கள், தறிக்காரர்கள், மாசமான பெண்கள். முடிவைச் சொன்னதும் நாம் பேசிக்கொண்டே போகக் கூடாது என்பதை அங்கே கற்றேன். எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது பெரும்பாலும் தன் உயிரைப் பற்றி இருக்காது. "ஊட்ல சொல்லோணுங்களா?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு அவசரப்படாமல் பதில் சொல்லத் தெரிந்தவள் வேலைக்கு ஆனாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று யாரும் கேட்கவில்லை.

பல்கலைக்கழகங்களுக்கான தேசியத் தரவரிசைப் பட்டியல் 2016-ல்தான் முதலில் வந்தது. அதற்கு முன்பே எங்கள் ஊரில் பட்டத்துக்கு இரண்டு தரம் இருந்தது: ரெகுலர், கரஸ். அந்த வித்தியாசம் உண்மையாகவே கடிக்கும் இடம் ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டேன். பெங்களூரில் 1954-ல் அகில இந்திய மனநல நிறுவனம் வந்து, மறு வருஷமே மருத்துவமனைகளுக்கான மனவியலாளர் பயிற்சி தொடங்கியது. இன்றைய நிம்ஹான்ஸ் அதன் வழி வந்ததுதான். 1992-ன் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற இடத்தில் பயிற்சி முடித்துப் பதிவு செய்தவரே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இடங்கள் கொஞ்சம், போட்டி அதிகம். என் மாதிரிப் பட்டத்தோடு போய் அந்தப் பலகையை மாட்டிக்கொள்ள முடியாது, மாட்டவும் கூடாது.

மில்லுக்குள் நாற்காலி வந்த விதம் வேறு. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்குத் திரண்ட தொகை என்று பெண்பிள்ளைகளைச் சேர்த்த 'சுமங்கலி' முறை, கேம்ப் கூலி என்று எங்கள் பக்கம் சொல்வது, 2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையால் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களின் மேஜைக்குப் போனது. பின்னாலேயே ஆடிட் கேள்விகள் வந்தன. விடுதியில் கவுன்சிலர் உண்டா, புகார் கமிட்டி உண்டா, ரிஜிஸ்டர் எங்கே? அகமதாபாத்தில் மில்காரர்களே தேடிப் போனதை இங்கே பையரின் கேள்வித்தாள் கொண்டுவந்தது.

அந்த ரிஜிஸ்டர் என் அலமாரியில் இருக்கிறது. தேதி, டோக்கன் நம்பர், பிரச்சினை, தீர்வு, கையெழுத்து என்று ஐந்து கட்டம். ஆடிட்டர் கையெழுத்துக் கட்டத்தைத்தான் விரலால் தடவிப் பார்ப்பார். 'தலைவலி' என்று வரிசையாக எழுதியிருக்கும். ஸ்பின்னிங்கில் இரவு ஷிப்ட் முடிந்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி வந்து உட்காரும் பிள்ளை முதலில் தலைவலி என்றுதான் ஆரம்பிக்கும். அரைமணி கழித்துத்தான் வீட்டில் வாங்கிய முன்பணமோ, சூப்பர்வைசரின் பேச்சோ, ஒடிசாவில் விட்டு வந்த தங்கச்சியோ வெளியே வரும். அது ரிஜிஸ்டரில் ஏறாது. பூட்டி வைத்த என் நோட்டில்தான். நிர்வாகம் கேட்டாலும் அந்த நோட்டைக் கொடுக்க மாட்டேன் என்று சேரும்போதே சொல்லித்தான் சேர்ந்தேன்.

இன்றைக்கு அம்மாக்களிடம் சொல்ல இன்னும் சில இடங்கள் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், 2022-ல் தொடங்கிய 14416 மனநலத் தொலைபேசி. பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். சம்பளத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்பேன்.

2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜியை அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021-ன் சட்டத்தின் கீழ் இந்தப் படிப்பும் வருகிறது என்பது காரணம். மேற்பார்வையில் ஒரு மனிதரிடம்கூடப் பேசிப் பழகாமல் பட்டம் வாங்குவது தப்பு என்று நானும் நினைக்கிறேன். அந்தப் பழக்கத்தை நான் நம்பிக்கை மையத்தில்தான் பெற்றேன். ஆனால் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிக்க எங்கள் பெண்களுக்கு இருந்த ஒரே வழி கரஸ்தான். கோவைக்குப் பஸ்ஸில் போகவர அரை நாள் ஆகும். காங்கேயத்திலோ தாராபுரத்திலோ அரசே மாலை வகுப்பு வைத்து, பயிற்சிக்கு இந்த மில் விடுதிகளையும் அரசு ஆஸ்பத்திரிகளையும் கொடுக்கலாம். மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமென்றால், நம்பிக்கை மையங்களில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.