அழையாத சுருதி

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. கடம்பத்தூர் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அன்று ரயிலை இழுத்தது நீராவி. இன்றோ தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி. அதில் பாயும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது.

வீடுகளுக்கு வரும் மின்சாரமும் அதே ஆட்டம் ஆடுவதுதான். விளக்கெரிக்க அதனால் குறைவில்லை, சங்கீதத்துக்குத்தான் தொல்லை. கிதாரின் ஒலியை மாற்றும் பெடல் என்ற மிதிபெட்டிக்கு அதைச் சரியாக வடிகட்டாமல் கொடுத்தால், வாத்தியத்தோடு ஒரு முனகலும் சேர்ந்து வரும். கச்சேரியில் தம்புராவுக்குப் பக்கத்தில் அழையாத ஒருவர் உட்கார்ந்து வேறு சுருதி பிடித்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான்.

1962-இல் அமெரிக்காவில் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெடல் விற்பனைக்கு வந்தது. கிதாரின் நாதத்தைக் கரகரப்பாக்குவது அதன் வேலை. வால்வாக இருந்தால் நூற்றுக்கணக்கான வோல்ட் கேட்டிருக்கும். 1947-இல் பிறந்த டிரான்சிஸ்டருக்கோ ஒன்றரை வோல்ட் பாட்டரி இரண்டே போதுமாயிருந்தது! 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அந்தக் கரகரப்பை உலகமெல்லாம் கேட்கச் செய்தார்கள். பிறகு, டிரான்சிஸ்டர் ரேடியோவுக்காக வந்த 9 வோல்ட் பாட்டரியே பெடல்களுக்கும் வழக்கமாயிற்று.

பாட்டரி மின்சாரம் ஒரே திசையில் போவது, ஆடாது, முனகாது. இன்று அதன் இடத்துக்குப் பவர் பாங்க் வந்திருக்கிறது. அதன் 5 வோல்ட்டை 9 ஆக உயர்த்தும் சாதனம் மட்டமானதாக இருந்தால் கீச்சிடும். பல பெடல்களை ஒரே கம்பியில் கோத்தால் ஒன்றின் சத்தம் இன்னொன்றில் ஏறும். ஆகையால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மின்சாரம் பிரித்துக் கொடுப்பதே நல்லது. தம்புராவைச் சேர்த்துக்கொண்டு பாட உட்காரும் நமக்கு இது புதுப் பாடமல்ல. முதலில் மௌனம் சுத்தமாக இருக்க வேண்டும். பாட்டு அதற்குப் பிறகுதான்.