கண்டிப் போர் மயானம்

கண்டிப் போர் மயானம், கண்டி நகருக்குத் தென்மேற்கே பேராதனைத் திசையில், தெவெனி ராஜசிங்க மாவத்தையில் அமைந்துள்ள இரண்டாம் உலகப் போர்க்காலக் கல்லறைத்தோட்டம். முன்பு பிட்டகந்த இராணுவ மயானம் என்று அழைக்கப்பட்டது. பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு இதைப் பராமரித்து வருகிறது. இங்கே 203 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்: பிரித்தானியர் 107, கிழக்கு ஆபிரிக்கர் 35, இலங்கையர் 26, இந்தியர் 23, கனடியர் 6, இத்தாலியர் 3, பிரெஞ்சுக்காரர் ஒருவர், அடையாளம் தெரியாதவர்கள் இருவர்.

எண்ணிக்கையில் இது சிறிய மயானம். ஆனால் நைரோபிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிப்பாயும் இங்கிலாந்துக் கிராமத்து இளைஞனும் மலைகள் சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்கில் ஏன் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேடினால், இலங்கையின் போர்க்கால வரலாற்றில் பள்ளிப் பாடநூல்கள் வேகமாகக் கடந்துவிடும் ஒரு பகுதி திறந்துகொள்கிறது.

போர் வராத இடத்தில் போர்க் கல்லறை

இரண்டாம் உலகப் போரின் போது கண்டி மலைநாட்டில் ஒரு சண்டைகூட நடக்கவில்லை. போர் இலங்கையைத் தொட்டது கடலோரத்தில்தான். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9இல் திருகோணமலையைத் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. ஜப்பானியக் கடற்படை நெருங்கி வருவதை ஏப்ரல் 4இல் கண்டு அறிவித்தவர் கொக்கலையில் நிலைகொண்டிருந்த கனடிய விமானப்படையின் 413ஆம் அணியைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல். செய்தியை அனுப்பி முடிக்கும் வேளையில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட, அவர் ஜப்பானியரிடம் கைதியானார்.

சிங்கப்பூரும் ரங்கூனும் விழுந்த பிறகு இந்து சமுத்திரத்தில் நேச நாடுகளுக்கு எஞ்சியிருந்த பெரிய தளங்களில் ஒன்றாக இலங்கை ஆனது. 1944 ஏப்ரலில் நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையகத்தின் தலைமையிடத்தை அதன் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குள் கொட்டகைகளும் அலுவலகங்களும் எழுந்தன. பர்மா, மலாயா, சுமாத்திரா வரையான போர்முனைகளுக்கான திட்டங்கள் அந்த மரங்களின் நிழலில் தீட்டப்பட்டன. அமெரிக்க உளவுப் பிரிவும் கண்டியில் இயங்கியது. பின்னாளில் சமையற்கலை நூல்களால் உலகப் புகழ் பெற்ற ஜூலியா சைல்ட் அதில்தான் வேலை செய்தார். தளபதிகளும் தட்டச்சாளர்களும் சாரதிகளும் தாதியரும் காவற் சிப்பாய்களுமாக ஆயிரக்கணக்கானோர் இந்தச் சிறு நகரில் வந்து குவிந்தனர்.

அப்படிக் குவிந்த கூட்டத்தில் நோயும் விபத்தும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். போர்முனையிலிருந்து வெகு தொலைவில் இறந்தவர்களின் மயானம் இது என்பதை வருவோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வீரச்சாவு என்ற சொல்லை இங்கே எல்லாக் கல்லுக்கும் பொருத்த முடியாது. காய்ச்சலில் இறந்தவனின் தாய்க்கு அதனால் துக்கம் குறைந்திருக்காது.

கிழக்கு ஆபிரிக்கர்

இந்த மயானத்தில் அதிகம் பேசப்பட வேண்டியவர்கள் அந்த 35 பேர். கென்யா, உகண்டா, தங்கனிக்கா, நயாசலாந்து ஆகிய பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளிலிருந்து படைக்குச் சேர்க்கப்பட்டவர்கள் 1942 முதல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். முதலில் வந்தது 21ஆவது கிழக்கு ஆபிரிக்கப் படையணி. தீவைக் காப்பது அதன் வேலை. 1943இல் உருவான 11ஆவது கிழக்கு ஆபிரிக்கப் படைப்பிரிவு இலங்கையின் காடுகளில் பயிற்சி பெற்று, 1944இன் நடுப்பகுதியில் பர்மாவின் கபா பள்ளத்தாக்குக்கு அனுப்பப்பட்டது. அடைமழைக்கும் மலேரியாவுக்கும் பேர்போன அந்த வழியில், இம்பாலிலிருந்து பின்வாங்கிய ஜப்பானியரைத் துரத்திக்கொண்டு அவர்கள் சென்றார்கள்.

இலங்கைக்கு வந்து சேராமலே மடிந்தவர்களும் உண்டு. மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த கெதீவ் இஸ்மாயில் என்ற துருப்புக் கப்பலை 1944 பெப்ரவரி 12இல் மாலைதீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்க, ஏறத்தாழ 1,300 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படையினர். பெண் தாதியரும் பலர் இருந்தனர். அவர்களுக்கு இந்தத் தீவில் கல்லறை இல்லை. கண்டியில் இருக்கும் 35 கற்களைப் பார்க்கும்போது கடலில் போன அந்தப் பெருங்கூட்டத்தையும் சேர்த்து நினைப்பதே நியாயம்.

ஒரே அளவுக் கல்

1917இல் பேபியன் வெயர் முன்னின்று தொடங்கிய பேரரசுப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவே 1960 முதல் பொதுநலவாய ஆணைக்குழு என்ற பெயரில் இயங்குகிறது. அதன் அடிப்படை விதி சுருக்கமானது: பதவி, இனம், மதம், செல்வம் எதையும் பாராமல் எல்லோருக்கும் ஒரே வகையான அடையாளம். பணக்காரக் குடும்பம் மகனின் உடலைத் தாயகத்துக்கு எடுத்துச் செல்லவோ, பெரிய கல் எழுப்பவோ இடமில்லை. இந்த விதி வந்த காலத்தில் பிரித்தானியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது.

கண்டி மயானத்தில் அந்த விதியைக் கண்ணாலேயே படிக்கலாம். வெட்டிச் சீர்செய்த புல்வெளியில் தாழ்வான சிறு கற்கள் வரிசையாக நிற்கின்றன; இடையிடையே பூச்செடிகள். கல்லில் பெயர், படைப் பிரிவு, இறந்த நாள், மதச் சின்னம். ஆணைக்குழுவின் மயானங்கள் பலவற்றிலும் காணப்படும் தியாகச் சிலுவை இங்கேயும் உண்டு. ரெஜினால்ட் புளோம்ஃபீல்ட் வரைந்த அந்த வடிவத்தில், கல் சிலுவையின் முகப்பில் தலைகீழாக ஒரு வாள் பதிக்கப்பட்டிருக்கும்.

இத்தாலியக் கல்லறைகள் மூன்றையும் தேடிப் பார்க்க வேண்டும். இத்தாலி 1943 செப்டம்பர் வரை எதிரி நாடு. எதிரி நாட்டவரின் கல்லறையையும் அதே தோட்டத்தில் அதே கவனத்தோடு பேணுவது இந்த மயானத்தின் மிகச் சிறந்த பண்பு என்பேன்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே வகை அடையாளம் என்ற விதி எல்லா இடத்திலும் காக்கப்படவில்லை. ஆணைக்குழு தானே அமைத்த விசாரணைக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையில், முதலாம் உலகப் போரில் இறந்த ஆபிரிக்க, இந்திய, எகிப்தியப் படையினரும் சுமைதூக்கிகளுமாகக் குறைந்தது 116,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. உண்மையான தொகை 350,000 வரை இருக்கலாம் என்றும் அது கூறியது. ஈராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரித்தானியரின் பெயர்கள் செதுக்கப்பட்டன. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களோ படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். அதை அறிந்தவருக்கு, கண்டியில் ஒரு கிழக்கு ஆபிரிக்கரின் பெயர் தனிக் கல்லில் இருப்பது சின்ன விஷயமாகத் தெரியாது.

இந்தியர் 23 பேர் மட்டும்தானா என்று கேட்போருக்கு ஒரு விளக்கம். இந்து, சீக்கியப் படையினர் வழமையாகத் தகனம் செய்யப்பட்டனர். அவர்களின் பெயர்கள் தகன நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்பட்டன. இலங்கையில் அத்தகைய சின்னம் கொழும்பு லிவரமென்டு மயானத்தில் இருக்கிறது. கல்லறைகளை மட்டும் எண்ணி இந்தியரின் இழப்பைக் கணக்கிடக் கூடாது.

கண்டியைச் சுற்றிய பழைய போர்ச் சாவுகள்

மயானம் இருக்கும் வீதிக்கு இரண்டாம் இராஜசிங்கனின் பெயர். 1638இல் பேராதனையை அடுத்த கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அழித்த மன்னன் அவனே. தளபதி தியோகு டி மேலோவும் அவருடைய படையினரில் மிகப் பெரும்பாலோரும் அங்கே மடிந்தனர். அவர்கள் யாருக்கும் கல்லறை இல்லை. வென்ற பக்கத்தில் விழுந்த கண்டி வீரர்களுக்கும் பெயர் பொறித்த கல் கிடையாது.

கண்டிக்கு வடக்கே மகாவலிக் கரையில் வட்டப்புளுவை இருக்கிறது. 1803 ஜூனில் மேஜர் டேவியின் பிரித்தானியப் படை சரணடைந்த பின் கொல்லப்பட்டது அங்கேதான். பிரித்தானியர் அரியணையில் ஏற்றி வைத்த முத்துசாமி என்ற நாயக்க இளவரசரை டேவி கண்டி மன்னனிடம் கையளிக்க, அவர் கொல்லப்பட்டார். தம்மை நம்பி வந்தவரைக் கைவிட்ட பிறகும் படையினர் பிழைக்கவில்லை. ‘டேவி மரம்’ என்ற பெயரோடு அவ்விடத்தில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு.

தலதா மாளிகைக்குப் பின்புறம், அருங்காட்சியகத்தை ஒட்டி இருக்கும் பழைய காவற்படை மயானமும் பார்க்கத் தக்கது. போர் மயானத்தோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், இரண்டும் வேறு. 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தில் பெரும்பங்கு வகித்த ஜோன் டொய்லி 1824இல் இறந்து இங்கே அடக்கமானார். காட்டு யானையால் கொல்லப்பட்ட ஒருவரின் கல்லறையும் உண்டு. இங்கே கல்லின் உயரமும் அலங்காரமும் குடும்பத்தின் வசதியைப் பொறுத்தவை. இரண்டு மயானங்களையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு, ஆணைக்குழுவின் விதி எவ்வளவு பெரிய மாற்றம் என்பது தானாகவே விளங்கும்.

நினைவு நாளும் பூவரசம்பூவும்

நவம்பர் 11 பொதுநலவாய நாடுகள் பலவற்றில் போர் நினைவு நாள். அதற்காகப் பொப்பிப்பூ விற்கும் வழக்கம் இலங்கையிலும் இருந்தது. திரட்டிய பணத்தில் பெரும் பகுதி பிரித்தானியாவுக்குப் போக, உள்ளூர் முன்னாள் படையினர் கவனிப்பாரற்று நின்றனர். அதற்கு எதிர்ப்பாக 1930களின் தொடக்கத்தில் எழுந்தது சூரியமல் இயக்கம். நினைவு நாளிலேயே பூவரசம்பூவை விற்ற இந்த இளைஞர் இயக்கத்துக்கு டொரீன் விக்கிரமசிங்க தலைமை தாங்கினார். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின் போது அதன் தொண்டர்கள் கிராமங்களில் நிவாரணப் பணி செய்தார்கள். இறந்த படைவீரருக்குப் பூ வைப்பதோடு உயிரோடிருக்கும் ஏழைக்குச் சோறும் மருந்தும் தேவை என்ற அந்த வாதம் இன்றும் செல்லும்.

பிற மயானங்கள்

இலங்கையில் திருகோணமலையிலும் இதே ஆணைக்குழுவின் போர் மயானம் உண்டு. தமிழ்நாட்டில் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர் மயானம் 1952இல் அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் தொடர்ந்து பேண முடியாதிருந்த இடங்களிலிருந்து கல்லறைகள் அங்கே மாற்றப்பட்டன.

இலங்கைத் தமிழ் வாசகர் கண்டி மயானத்தில் நிற்கும்போது இன்னொன்றை நினைக்காமல் இருக்க முடியாது. வடக்கிலும் கிழக்கிலும் இருந்த, விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலுமில்லங்களின் கல்லறைகள் 2009க்குப் பின் இடித்து அகற்றப்பட்டன. கோப்பாயில் அந்த நிலத்திலேயே 2011இல் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. அரசியல் நிலைப்பாடு எதுவாக இருந்தாலும், பிள்ளையைப் புதைத்த இடத்தில் ஒரு கல் இருக்க வேண்டும் என்பது பெற்றோரின் உரிமை. 1971இலும் 1980களின் இறுதியிலும் நடந்த கிளர்ச்சிகளின் போது தெற்கில் காணாமல் போன இளைஞர்களின் தாய்மாருக்கும் அதே உரிமை உண்டு. எதிரியாக இருந்த நாட்டவருக்கும் இடமளித்த ஒரு தோட்டம் இந்த நாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

செல்லும் வழி

பேருந்திலோ ரயிலிலோ கண்டிக்கு வந்து, பேராதனைத் திசையில் போகும் பேருந்திலோ முச்சக்கரவண்டியிலோ செல்லலாம். காலை வெயில் ஏறுமுன் போவது நல்லது. பேராதனைப் பூங்காவையும் சேர்த்துப் பார்த்தால், கட்டளை பிறந்த இடமும் அதன் கீழ் பணி செய்தவர்கள் அடங்கிய இடமும் ஒரே பயணத்தில் அமையும்.

கல்லின் மேல் உட்காருவதும் பூச்செடிகளைப் பறிப்பதும் கூடாது. உறவினர் ஒருவரின் பெயரைத் தேடுவோர் ஆணைக்குழுவின் இணையத் தரவுத்தளத்தில் முதலில் பார்த்துவிட்டுப் போகலாம். இந்திய, இலங்கை, ஆபிரிக்கப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் பதிவுக்குப் பதிவு மாறும். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் படை எண், பிரிவு, இறந்த ஆண்டு ஆகியவற்றையும் குறித்துவைத்துத் தேட வேண்டும்.