நரம்புத் திசுவில் கிளியா செல்களின் இடம்

நரம்புத் திசு நியூரான்கள், கிளியா செல்கள் என்னும் இருவகைச் செல்களால் ஆனது. தூண்டலை மின்சைகையாக்கிக் கடத்துவது நியூரான், அதைத் தாங்கி ஊட்டுவது கிளியா என்று பாடநூல்கள் வேலையைப் பிரித்துக் காட்டுகின்றன. 1856இல் கிளியாவுக்குப் பெயர் சூட்டிய ருடால்ஃப் ஃபிர்கோவும் அதை இடைவெளிகளை நிரப்பும் பிணைப்புப் பொருளாகவே கண்டார். திசுவின் செயலைக் கூர்ந்து நோக்கினால் இந்தப் பிரிவினை நிற்பதில்லை. எது முடியும், எது முடியாது என்பதைத் தீர்மானிப்பதில் கிளியாவுக்கு நியூரானுக்கு இணையான பங்கு உண்டு.

நியூரானின் உடலத்தில் உட்கருவும் புரதம் தயாரிக்கும் நிஸ்ஸல் துகள்களும் உள்ளன. கிளைத்த டென்ட்ரைட்டுகள் சைகையைப் பெறுகின்றன. நீண்ட ஒற்றை ஆக்ஸான் அதை வெளியே கொண்டு செல்கிறது. ஓய்வு நிலையில் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். தூண்டல் வந்ததும் சோடியம் அயனிகள் உள்ளே பாய, பொட்டாசியம் வெளியேற, அந்த அலை ஆக்ஸான் வழியே நகர்ந்து சினாப்ஸை அடைகிறது. அங்கே சுரக்கும் வேதிப்பொருள் அடுத்த செல்லைத் தூண்டும் அல்லது அடக்கும்.

ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் 1952இல் இந்த அலைக்குத் தந்த கணிதம் கணவாய் மீனின் பேராக்ஸானை ஆராய்ந்து பெற்றது. கிளியா செல்கள் ஆக்ஸானைச் சுற்றி அமைக்கும் மையலின் உறை அதற்குக் கிடையாது. நரம்புச் சைகையின் அடிப்படைக் கோட்பாடு இவ்வாறு கிளியாவுக்கு அதிக இடம் தராமலே உருவானது. பாடநூல் பிரிவினை நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அரை மில்லிமீட்டர் தடித்த அந்த ஆக்ஸானில் சைகை விநாடிக்குச் சுமார் 25 மீட்டர் செல்கிறது. தவளையின் மையலின் உறையுள்ள நரம்பிழை வெறும் 12 மைக்ரோமீட்டர் தடிமனில் அதே வேகத்தை எட்டுகிறது. குறுக்குப் பரப்பில் இது ஆயிரத்து எழுநூறு மடங்குக்கும் மேற்பட்ட சிக்கனம்.

இந்தச் சிக்கனம் புற நரம்புகளின் கிளியாவான ஷ்வான் செல்லின் கைவேலை. அதன் சவ்வு ஆக்ஸானைச் சுற்றிச் சுற்றிப் பாய் சுருட்டியதுபோல் அடுக்காவதை 1954இல் பெட்டி ஜெரன் கோழிக்கருவில் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் காட்டினார். தடித்த இழைகளில் சுமார் ஒரு மில்லிமீட்டருக்கு ஒருமுறை உறை விட்டுப்போய், ஒரு மைக்ரோமீட்டர் அளவே ஆன ரேன்வீர் கணு திறந்திருக்கும். சோடியம் வாயில்கள் அங்கேதான் நெருக்கமாகக் குவிந்துள்ளன. சைகை கணுவிலிருந்து கணுவுக்குத் தாவுகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் இவ்வுறையை அமைப்பவை ஆலிகோடென்ட்ரோசைட்டுகள். ஒரு ஷ்வான் செல் ஒரே ஆக்ஸானின் ஒரு துண்டுக்குத்தான் உறையிடும். ஓர் ஆலிகோடென்ட்ரோசைட்டோ பல ஆக்ஸான்களுக்கு உறையிட வல்லது.

கில்லன்-பாரே நோயின் பொதுவான வகையில் உடலின் எதிர்ப்பாற்றல் புற நரம்புகளின் மையலினைத் தாக்குகிறது. ஆக்ஸான் பெரும்பாலும் முறியாமல் இருந்தும் கால்கள் செயலிழக்கின்றன, மூச்சுத்தசைகளும் தளரலாம். ஷ்வான் செல்கள் மீண்டும் உறையிட்ட பின் பலர் நடக்கத் தொடங்குகின்றனர். நியூரான் உயிரோடு இருப்பது மட்டுமே திசு வேலை செய்யப் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மற்ற கிளியா செல்களின் பணியும் சிறிதன்று. ஆஸ்ட்ரோசைட்டுகள் சினாப்ஸைச் சூழ்ந்து, சிந்திய குளூட்டமேட்டையும் மிகுந்த பொட்டாசியத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. மைக்ரோகிளியா கழிவை அகற்றுவதோடு, வளரும் மூளையில் வேண்டாத சினாப்ஸ்களையும் களைகிறது.

சைகையை எழுப்புவது நியூரானே, ஆகவே கிளியா இரண்டாம் நிலையில்தான் வரும் என்று வாதிடலாம். சைகை எங்கே பிறக்கிறது என்ற அளவில் அது சரி. ஆனால் காயத்துக்குப் பின் ஆக்ஸான் மீண்டும் வளருமா என்ற கேள்வியில் அவ்வாதம் தளர்கிறது. அறுந்த புற நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. தண்டுவடத்து ஆக்ஸான் அவ்வாறு வளர்வதில்லை. குறை நியூரானில்தான் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1981இல் மான்ட்ரியலில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ இருவரும் வளர்ந்த எலியின் முகுளத்துக்கும் தண்டுவடத்துக்கும் இடையே, ஷ்வான் செல்கள் கொண்ட புற நரம்புத் துண்டொன்றைப் பாலமாகப் பதித்தனர். வளராது எனப்பட்ட மைய நரம்பு மண்டல ஆக்ஸான்கள் அந்தப் பாலத்துக்குள் சுமார் 3 சென்டிமீட்டர் வரை வளர்ந்தன. பாலத்தைக் கடந்து மறுபடியும் மைய நரம்புத் திசுவுக்குள் நுழைந்தவை சிறிது தொலைவிலேயே நின்றுவிட்டன.